ஹவானா சுருட்டு: எவ்வளவு இழுத்தும் புகை வரலையா?

கன்னம் ஒட்ட இழுத்தும் புகை வரவில்லையா? சுருட்டு புதுசு என்றால், முதல் சந்தேகம் ஈரம்தான். கையால் சுருட்டும்போது இலை உடையாமல் இருக்க ஈரப்படுத்துவார்கள். அந்த ஈரத்தில் இலை உப்பி, காற்று போகும் வழியை அடைச்சிடும். 65 சதவீத ஈரப்பதமுள்ள பெட்டியில் சில வாரம் வைத்தால் பெரும்பாலும் சரியாகிடும். வெயிலில் காயவைத்தால் மேலிலை வெடிக்கும். (புற்றுநோய் அபாயம் எப்படி வைத்தாலும் குறையாது.)

உள்ளிலை முறுக்கிக்கிட்டிருந்தால் கதை வேறு. விரலால் மெல்ல அழுத்தினால் ஓரிடம் மட்டும் முடிச்சு மாதிரி தட்டுப்படும். அதை எத்தனை மாதம் வைத்தாலும் தேறாது. மெல்லிய கம்பியால் குத்தி வழிவிட்டுப் பார்க்கலாம். இதற்காகவே கியூபத் தொழிற்சாலைகளில் மேலிலை சுற்றும் முன்பே, இயந்திரத்தில் காற்றை இழுத்துச் சோதிக்கிறார்கள். சிக்கினால் பிரித்துச் சுருட்டலாம். மேலிலை சுற்றிய பிறகு முடியாது.