ஊர் மாறி வந்தவருக்கு இருட்டறை எங்கே?

மாற்றல் உத்தரவு வாங்கிக்கொண்டு மும்பைக்கு வருகிறவருக்கு முதல் கவலை வீடு. இரண்டாவது கவலை சாப்பாடு. வடாலாவிலும் மாதுங்காவிலும் வந்து இறங்கும் தமிழருக்கு இந்த இரண்டாவது கவலை அதிகம் இராது. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் நடந்தால் இட்லியும் காபியும் கிடைத்துவிடும். பிள்ளைகளின் படிப்புக்கு வடாலாவிலேயே எஸ்.ஐ.டபிள்யூ.எஸ். பள்ளி இருக்கிறது. கச்சேரி கேட்க சண்முகானந்தா சபா, சாமி கும்பிட ஆஸ்திக சமாஜம். ஆனால் டிரங்குப் பெட்டியில் வேட்டி துண்டுகளுக்கு நடுவே ஒரு பழைய பிலிம் காமிராவைச் சுற்றி எடுத்து வந்திருப்பவர் யாரைப் போய்க் கேட்பது? பிலிம் எங்கே வாங்குவது, எங்கே கழுவுவது, தன்னைப் போல இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் இந்த ஊரில் இன்னும் யாராவது உண்டா?

உண்டு. வடாலா ரோடு ஸ்டேஷனில் ஹார்பர் லைன் வண்டி ஏறினால் போதும். சிவ்ரி, காட்டன் கிரீன், ரே ரோடு, டாக்யார்டு ரோடு, சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு, மஸ்ஜித். அப்புறம் சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ். பழைய ஆட்கள் வாயில் அது இன்னும் வி.டி.தான். இறங்கி டி.என். ரோட்டைக் கடந்தால் போரா பஜார். காமிராவும் காமிரா சாமானும் விற்கிற, பழுது பார்க்கிற கடைகளுக்குப் பெயர் போன தெரு அது.

புதிதாக வந்தவர் இங்கே ஒரு காரியம் செய்யலாம். பெரிய ஷோரூமுக்குள் நுழைய வேண்டாம். ரிப்பேர் செய்கிறவரின் மேஜை முன்னால் நின்று, கையில் இருக்கும் காமிராவை நீட்டி, "ஷட்டர் சரியாக ஓடுகிறதா, பாருங்கள்" என்று கேட்டால் போதும். பிலிம் காமிராவோடு வருகிறவர்கள் இப்போது குறைவு. அதனால் வருகிறவர்களின் முகம் அவருக்கு நினைவிருக்கும். யார் வீட்டிலேயே பிலிம் கழுவுகிறார்கள், யாரிடம் எந்தச் சாமான் விலைக்கு இருக்கிறது என்பதெல்லாம் இப்படிப்பட்ட மேஜைகளில்தான் முதலில் தெரியவரும். விளம்பரப் பலகை பார்த்து இந்தக் கூட்டத்தைக் கண்டுபிடித்தவர் அபூர்வம்.

170 ஆண்டு வழக்கம்

ஊருக்குப் புதியவர் போட்டோ சங்கம் தேடுவது மும்பையில் புதிதல்ல. 1854ல் இங்கே பம்பாய் புகைப்படச் சங்கம் தொடங்கியது. பாரிசில் 1839ல் அறிவிக்கப்பட்ட கலை, பதினைந்தே ஆண்டுகளில் பம்பாயில் சங்கம் வைக்கிற அளவுக்கு வேரூன்றிவிட்டது. தொடக்கத்தில் இதில் ஆர்வம் காட்டியவர்களில் கம்பெனிப் பட்டாளத்து அதிகாரிகளும் உத்தியோகஸ்தர்களும் அதிகம். அவர்களும் ஊர் விட்டு ஊர் வந்தவர்கள்தான்! 1855ல் எல்பின்ஸ்டன் கல்வி நிலையத்தில் புகைப்பட வகுப்பே வைத்தார்கள். அதில் படித்த ஹரிச்சந்த் சிந்தாமன் பிறகு பம்பாயில் பெயர் பெற்ற போட்டோகிராபர் ஆனார்.

சென்னையும் பின்தங்கவில்லை. 1856ல் அங்கே சங்கம் கூடியது. முன்னால் நின்றவர் டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர். 1850ல் அவர் தொடங்கிய கலைப் பள்ளிதான் இன்று எழும்பூரில் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரி. அந்தக் காலத்தில் சென்னை மாகாண அரசின் போட்டோகிராபராக இருந்த லின்னேயஸ் டிரைப் என்ற பட்டாள அதிகாரி 1858ல் மதுரை, தஞ்சை, திருச்சி என்று சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டிச் சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். நெகடிவ் அப்போது கண்ணாடியில் வந்துவிட்டது. ஆனால் அவர் வைத்திருந்தது காகித நெகடிவ். குளிர்பதனமும் குழாய்த் தண்ணீரும் இல்லாத காலத்தில் இது நடந்தது என்பதை, வடாலாவில் மோரி சின்னதாக இருக்கிறது என்று அலுத்துக்கொள்பவர்கள் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

இந்த நூற்றாண்டுக்காரர்களுக்கு நெருக்கமான சங்கம் இன்னொன்று. போட்டோகிராபிக் சொசைட்டி ஆப் இந்தியா 1937ல் பம்பாயில் தோன்றியது. போட்டி, கண்காட்சி, ஒருவர் படத்தை மற்றவர் குறை நிறை பார்ப்பது என்று வளர்ந்த சங்கம் அது. இப்படிப்பட்ட சங்கங்களில் படம் எடுக்கிறவனின் உத்தியோகத்தை யாரும் கேட்பதில்லை. பிரிண்டில் கறுப்பு கறுப்பாக விழுந்திருக்கிறதா, வெள்ளை வெளிறிப் போய்விட்டதா என்பதுதான் பேச்சு.

குமாஸ்தாக்களுக்கு இன்னொரு செய்தியும் சுவைக்கும். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் போட்டோகிராபர் என்று பெயர் பெற்ற ஹோமாய் வியாரவாலா, 1942ல் தில்லிக்குப் போவதற்கு முன் பம்பாயில் தொழில் கற்றவர். கற்றுக்கொடுத்தவர் பின்னாளில் அவர் கணவரான மானேக்ஷா. அவர் டைம்ஸ் ஆப் இந்தியாவில் கணக்குப் பிரிவு வேலையையும் போட்டோ வேலையையும் பார்த்தவர்! ஹோமாயின் முதல் படங்களுக்கு, படம் ஒன்றுக்கு ஒரு ரூபாய் கிடைத்தது. 2011ல் அவருக்குப் பத்ம விபூஷண் கிடைத்தது. மறு ஆண்டு ஜனவரியில் காலமானார்.

ஊட்டியில் செய்த பிலிம்

நம்மவர் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் கறுப்பு வெள்ளை நெகடிவ்களைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால், ஓரத்தில் 'இந்து' என்ற பெயர் பலவற்றில் இருக்கும். அது நீலகிரியில் செய்தது. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம் 1960ல் பதிவாகி, பிரெஞ்சுக் கம்பெனி ஒன்றின் தொழில்நுட்ப உதவியோடு 1967ல் உற்பத்தியைத் தொடங்கியது. பிலிம் பூசும் இடத்தில் தூசு ஆகாது, வெப்பமும் ஆகாது. அதனால்தான் மலைக்கு மேலே ஆலை. தொழிலாளர்கள் குடியிருந்த இடத்துக்கே இந்து நகர் என்று பெயர் வந்தது. வெளிநாட்டு பிலிம் கட்டுப்பாட்டோடு வந்த அந்த நாட்களில் கல்யாணப் படமும், எக்ஸ்ரேயும், ரேஷன் கார்டுப் படமும் பெரும் அளவில் இந்த ஆலையை நம்பியிருந்தன.

கூடவே பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் செய்த 'அக்பா கிளிக் த்ரீ' காமிரா. ஒரு 120 ரோலில் சதுரமாகப் பன்னிரண்டு படம். துறைமுகத்திலும் மாதுங்கா ரயில்வே பட்டறையிலும் வேலை பார்த்தவர்கள் ஊருக்கு மணியார்டர் அனுப்பிய காலத்தில், கடிதத்தோடு ஒரு படமும் வைத்து அனுப்பினார்கள். மாமியார் பார்க்காத பேரன், தம்பி பார்க்காத கல்யாணம் எல்லாம் அந்தச் சதுரத்துக்குள்தான் ஊர் போய்ச் சேர்ந்தன.

ஊட்டி ஆலை 1990களில் நலிந்த தொழிற்சாலைப் பட்டியலில் சேர்ந்தது; கடைசியில் மூடப்பட்டது. 2012 ஜனவரியில் அமெரிக்காவில் கோடக்கே திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போயிற்று. அதோடு பிலிம் செத்தது என்று பலர் எழுதினார்கள். சாகவில்லை. ராச்செஸ்டரில் கோடக் பிலிம் இன்னும் உருவாகிறது. இங்கிலாந்தில் இல்போர்டு வருகிறது. ஆனால் இங்கே வாங்குகிறவனுக்கு எல்லாம் இறக்குமதிச் சரக்கு. கறுப்பு வெள்ளை ரோல் ஒன்று பல நூறு ரூபாய். ஒரு கிளிக்குக்கு முன்னால் இரண்டு தடவை யோசிக்க வைக்கிற விலை. அதுவும் ஒரு வகையில் நல்லதே.

மோரியில் ஒரு இருட்டறை

பொது இருட்டறை கிடைக்காதவர் என்ன செய்வது? பிலிம் கழுவ அறையே தேவையில்லை. கறுப்புத் துணிப் பை ஒன்றுக்குள் இரண்டு கைகளையும் விட்டு, பிலிமைச் சுருளில் ஏற்றி டப்பாவை மூடிவிட்டால் மற்ற வேலை எல்லாம் வெளிச்சத்திலேயே நடக்கும். பை இல்லாதவர்கள் ராத்திரி விளக்கணைத்துவிட்டு ரஜாய்க்குள் புகுந்து செய்வதும் உண்டு. வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

மருந்தும் பெரிய ரகசியம் அல்ல. 1927ல் கோடக் வெளியிட்ட டி-76 டெவலப்பரின் கணக்கு எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். அதே வரிசையில் வெந்நீரில் கரைத்து ஆறவைக்க வேண்டும். நிறுத்துக் கொடுக்கும் கெமிக்கல் கடைகள் பிரின்சஸ் ஸ்ட்ரீட் வட்டாரத்தில் உண்டு. கையுறை போட்டுக்கொள்வது நல்லது. மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்கும். சமையல் பாத்திரத்தில் எக்காரணம் கொண்டும் கலக்கக் கூடாது.

தொல்லை எல்லாம் தண்ணீர்தான். புத்தகங்கள் 20 டிகிரி என்று எழுதுகின்றன. மே மாதத்து வடாலாவில் மாடித் தொட்டித் தண்ணீர் 30 டிகிரிக்குக் குறையாது. 20 டிகிரியில் ஏழரை நிமிஷம் பிடிக்கிற பிலிம், 28 டிகிரியில் நான்கு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். அவ்வளவு அவசரத்தில் மருந்து சமமாகப் பிடிக்காது, படம் திட்டுத்திட்டாக விழும். இதற்கு இரண்டு வழி. மருந்துப் பாட்டில்களை ஐஸ் போட்ட பக்கெட்டில் நிறுத்தி வைப்பது ஒன்று. மருந்தோடு அதே அளவு தண்ணீர் சேர்த்து நேரத்தை நீட்டிக்கொள்வது மற்றொன்று. மும்பையில் இரண்டையும் சேர்த்தே செய்வது உத்தமம். வேடிக்கை என்னவென்றால், கலர் பிலிமுக்கு மருந்து 38 டிகிரியில் இருக்க வேண்டும். கலருக்கு இந்த ஊர் வெயில் தோழன், கறுப்பு வெள்ளைக்கு விரோதி!

குழாயில் சில மணி நேரமே தண்ணீர் வரும் சால்களில் பிலிம் அலசுவது எப்படி? குழாயைத் திறந்து விட்டு அரை மணி நிற்க வேண்டியதில்லை. இல்போர்டு கம்பெனி சொல்லும் முறை சிக்கனமானது. டப்பாவில் தண்ணீர் நிரப்பி ஐந்து தடவை கவிழ்த்து நிமிர்த்திக் கொட்டு. மறுபடி நிரப்பிப் பத்து தடவை. மூன்றாவதாக இருபது தடவை. மூன்று டப்பா தண்ணீரில் வேலை முடிந்தது. தண்ணீர் மட்டும் மருந்தின் சூட்டிலேயே இருக்க வேண்டும்.

பிரிண்டுக்கு என்லார்ஜர் வேண்டுமே என்றால், 120 ரோல் நெகடிவுக்கு அதுகூட வேண்டாம். பேப்பர் மேல் நெகடிவ், அதன் மேல் கண்ணாடி, ஒரு நொடி இரண்டு நொடி விளக்கு. நெகடிவ் அளவிலேயே பிரிண்ட் வரும். அந்த நாளில் ஊருக்குப் போன சின்னச் சதுரப் படங்களில் பல அப்படிப் போட்டவை. சிவப்பு ஜீரோ வாட் பல்பு போதும் என்பார்கள். ஆனால் பல்பைச் சோதித்துவிட வேண்டும். பேப்பர் மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்து ஐந்து நிமிஷம் அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் விட்டுப் பேப்பரைக் கழுவினால், காசின் வட்டம் வெள்ளையாகத் தெரியக் கூடாது. தெரிந்தால் பல்பு ஏமாற்றுகிறது.

மழைக்கு முன்னால்

இதெல்லாம் பொழுதுபோக்குக்காரர்களின் சங்கதி என்று ஒதுக்கிவிட முடியாது. ஆன்டாப் ஹில் குவார்ட்டர்ஸிலும் தாராவியிலும் செம்பூரிலும் பரணில் கிடக்கும் நெகடிவ்கள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை காற்றில் நிற்கும் ஈரத்தில் நெகடிவின் ஜெலட்டின் மீது பூஞ்சை படர்கிறது. பழைய பிலிம் தானாகவும் கெடும். பெட்டியைத் திறந்ததும் காடி வாடை வீசினால் கெட ஆரம்பித்துவிட்டது என்று பொருள். அதை மற்றவற்றோடு வைத்தால் அவையும் சீக்கிரம் கெடும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டுவது தவறு. வெள்ளைக் காகித உறையில் ஒவ்வொன்றாகப் போட்டு, தரைக்கு மேலே, சுவரை ஒட்டாமல் வைக்க வேண்டும். சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வைத்தால் இன்னும் நல்லது.

அதை விடப் பெரிய எதிரி வீடு மாற்றும் நாள். பிரிண்ட் இருக்கிறதே, இந்தக் கறுப்புத் துண்டுகள் எதற்கு என்று பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுகிறார்கள். எக்ஸ்ரே பிலிமோடு சேர்ந்து அதுவும் வெள்ளி உருக்கப் போய்விடுகிறது. பிரிண்ட் மங்கும், நெகடிவ் இருந்தால் மறுபடி போடலாம். செல்போனில் படம் பிடித்து வைத்தால் போதும் என்பவர்களுக்கும், படம் பிடித்த பிறகு நெகடிவை வைத்துக்கொள்வதில் நஷ்டம் எதுவும் இல்லை.

கையால் பிரிண்ட் போடத் தெரிந்தவர்கள் வயதானவர்கள். ஸ்டுடியோ லாபுகள் டிஜிட்டலுக்கு மாறியபோது பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். வெளிச்சத்தைக் கையால் மறைத்து முகத்தைப் பிரகாசமாக்குவது, மூலையைக் கொஞ்சம் கூடுதலாகக் கறுக்கவிடுவது எல்லாம் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்க வேண்டியவை. சென்னையில் 2016ல் தொடங்கிய போட்டோ பினாலேக்குப் பிறகு இளைஞர்கள் சிலர் பழைய முறைகளின் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். மும்பையில் நாரிமன் முனை என்.சி.பி.ஏ.வின் பிரமள் கலைக்கூடம் போட்டோவுக்கென்றே உள்ள இடம். கண்காட்சி பார்க்கப் போனால், சுவரில் உள்ள படத்துக்கு மிக அருகில் மூக்கை வைத்துப் பார்க்கிறவர் எவரோ, அவரிடம் பேச்சுக் கொடுக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஹார்பர் லைனில் மெகா பிளாக் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. போரா பஜார் கடைகளில் பல அன்று மூடியிருக்கும். சனிக்கிழமை ஆபீஸ் விட்டதும் போவதே சரி.