'கச்சேரி' என்னும் சொல்லும் அதன் வாசற்படியும்

கச்சேரி என்றதும் இன்று நம் நினைவுக்கு வருவது இசை மேடை. ஆனால் நம் பாட்டனார் காலத்தில் அச்சொல் அரசுக் கட்டடத்தையே முதன்மையாகக் குறித்தது. தாலுகா கச்சேரி, கலெக்டர் கச்சேரி, போலீஸ் கச்சேரி என்று வழங்கினார்கள். இந்தியிலும் உருதுவிலும் மராத்தியிலும் நீதிமன்றம், அலுவலகம் ஆகிய பொருள்களில் அது இன்றும் புழங்குகிறது. மயிலாப்பூரின் கச்சேரி சாலை அந்தப் பழைய பொருளைச் சுமந்து நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் மாவட்டச் செயலகத்தை மக்கள் இன்னும் கச்சேரி என்றே சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் அதன் இடத்தை 'அலுவலகம்' எடுத்துக்கொண்டது. 'உனக்கு இருக்கிறது கச்சேரி' என்ற மிரட்டலில் மட்டும் விசாரணையின் வாடை ஒட்டிக்கொண்டிருக்கிறது போலும்.

சொல்லின் வரலாற்றைவிட, அச்சொல் குறித்த கட்டடத்திற்குள் யார் நுழைய முடிந்தது என்பதே நமக்கு முக்கியம். 1923இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம், பொதுக் கிணறுகளோடும் பள்ளிகளோடும் நீதிமன்றங்களையும் அலுவலகங்களையும் சேர்த்தே பேசியது. மறு ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானமும் பொதுச்சாலை, கிணறு, குளம் ஆகியவற்றுடன் பொது அலுவலக வளாகத்தையும் ஒடுக்கப்பட்டோருக்குத் திறந்துவிடக் கோரியது. அது அரசாணையாகவும் வெளிவந்தது. அரசு அலுவலகத்திற்குள் நுழைவதற்கே ஓர் அரசாணை தேவைப்பட்டது என்றால், அதுவரை அக்கட்டடம் யாருடையதாக இருந்தது?

இங்கே ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். தாலுகா கச்சேரிக்கு அரசு கட்டிய சுவரும் கதவும் இருந்தன. ஆணை அங்கே செல்லும். கிராமத்தில் அரசு என்பது பெரும்பாலும் கர்ணத்தின் வீட்டுத் திண்ணைதான். நிலக் கணக்கும் அடங்கலும் அங்கேயே இருந்தன. அத்திண்ணை ஊர்த் தெருவில் இருந்தது. சேரியிலிருந்து வருபவர் தெருவில் நின்றே பேச வேண்டும். அது தனியார் வீடு என்பதால் 'பொது அலுவலகம்' என்ற சொல்லின் வரம்புக்குள் அது வரவில்லை. தன் நிலத்தின் கணக்கைப் பார்க்கும் உரிமை ஒருவருக்குத் தாளில் இருந்தது. அந்தத் தாளை அடையும் வழி இல்லை. பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகளைத் தமிழ்நாடு அரசு 1980இல் ஒழித்து, கிராம நிர்வாக அலுவலர்களை நியமித்த பிறகே இந்த ஏற்பாடு சட்டப்படி முடிவுக்கு வந்தது. நிர்வாகச் சீர்திருத்தமாக மட்டுமே பலரும் நினைவுகூரும் இம்மாற்றத்தை, நாம் நுழைவுரிமை வரலாற்றில் வைத்தே படிக்கிறோம்.

திண்ணை போய்க் கட்டடம் வந்தது. கட்டடத்திற்குள் நாற்காலி வந்தது. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், தலித் பெண் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்ட படம் வெளியானது. மற்றவர்கள் நாற்காலிகளில் இருந்தார்கள். 1924இன் ஆணை வளாகத்திற்குள் வரலாம் என்றது. உள்ளே எங்கே உட்காருவது என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.