ஓடும் வண்டியே உயிருள்ள வண்டி

நகரங்களும் ஊர்திகளும் – 9

கானடா தேசத்து டொராண்டோ நகரின் போக்குவரத்துக் கமிஷன், சுரங்க ரயிலின் மீது நம்பிக்கை வைத்து, 1980-ஆம் ஆண்டுக்குள் டிராம் வண்டிகளை அடியோடு நிறுத்திவிடுவதென்று 1966-இல் திட்டமிட்டதையும், அதை எதிர்த்து நகரத்து ஜனங்கள் கிளர்ந்தெழுந்ததையும் சென்ற இதழில் பார்த்தோம். ஸ்டீவ் மன்றோ, ஆண்ட்ரூ பீமில்லர் முதலிய பிரஜைகளும், வில்லியம் கில்போர்ன், பால் பிக்கெட் என்னும் நகரசபை அங்கத்தினர்களும், ஆத்திரத்தைக் காட்டிலும் ஆதாரங்களையே நம்பி நடத்திய அந்த வாதம், 1972 நவம்பர் 7-ஆம் தேதி கமிஷன் தன் தீர்மானத்தை மாற்றிக்கொள்வதில் போய் முடிந்தது. அந்த வெற்றியின் குழந்தையாகப் பிறந்து, நாற்பது வருஷ காலம் உழைத்து ஓய்ந்த வண்டியின் கதையே இவ்வாரம் நாம் காணப்போவது.

வெற்றிக்குப் பின்னேதான் உண்மையான சங்கடம் தலைகாட்டியது. தெருக்களில் ஓடிக்கொண்டிருந்த பி.சி.சி. வகை டிராம் வண்டிகள் மூப்படைந்திருந்தன, வட அமெரிக்கத் தொழிற்சாலைகளோ டிராம் செய்வதை நிறுத்தி இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆகவே ஒண்டாரியோ மாகாண அரசாங்கம் 1973-இல் ஒரு ஸ்தாபனத்தை நிறுவி, 'கானடா இலகு ரயில் வண்டி' என்ற புதிய வடிவத்தை உருவாக்கும் பொறுப்பை அதனிடம் ஒப்படைத்தது. முதல் ஆறு வண்டிகள் சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டன. எஞ்சிய 190 வண்டிகள் தண்டர் பே நகரத்து ஹாக்கர் சிட்லி தொழிற்சாலையில் உருவாயின. 1979 செப்டம்பர் 30-ஆம் தேதி, லாங் பிராஞ்ச் வழித்தடத்தில் அவை முதன்முதலாகப் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டன. 1980-களின் பிற்பகுதியில், இதே வம்சத்தைச் சேர்ந்த 52 நீண்ட இணைப்பு வண்டிகளும் அவற்றோடு சேர்ந்தன.

இவ்வண்டியைத் தெருவுக்கு மட்டுமின்றி, நகரத்தின் கிழக்கே ஸ்கார்பரோவுக்குத் தனிப் பாதையில் விரைந்து செல்லும் ரயிலாகவும் பயன்படுத்த எண்ணியிருந்தார்கள். ஆனால் அரசாங்கம் தான் வளர்த்த வேறொரு நூதன ரயிலை அங்கே புகுத்திவிடவே, அந்த நோக்கம் நிறைவேறாமலே போயிற்று. ஈழத்தினின்றும் புலம்பெயர்ந்த நம்மவர் பிற்காலத்தில் பெருந்தொகையாகக் குடியேறிய ஸ்கார்பரோ இதுதான். அங்கே இவ்வண்டி செல்லவில்லை எனினும், இந்தியக் கடைகள் நிறைந்த ஜெரார்டு வீதியின் வழியே 506-ஆம் தடத்தில் நெடுங்காலம் ஓடியவை இவ்வண்டிகளே என்பதால், அந்நகரத் தமிழருள் பலருக்கு இவை பழக்கமானவையே.

குறைகள் இல்லாத யந்திரம் அன்று இது. ஜன்னல்களைத் திறக்கவியலாதபடி அமைத்துவிட்டு, குளிர்சாதனமும் வைக்காமல் விட்டமையால், கோடையில் பிரயாணிகள் புழுங்கித் தவித்தனர். பிறகே திறந்து மூடும் ஜன்னல்கள் வந்தன. முதலில் பொருத்திய சக்கரங்கள் எழுப்பிய இரைச்சலையும் அதிர்வையும் தெருவோரத்துக் குடும்பங்கள் பொறுக்கமாட்டாமல் முறையிட, வேறு வகைச் சக்கரங்கள் மாற்றப்பட்டன. இவ்வாறு ஜனங்களின் குறைகளைக் கேட்டுக் கேட்டே திருந்திய வண்டி, முப்பது ஆண்டுகளுக்கென்று திட்டமிட்ட ஆயுளையும் கடந்து, மேலும் பத்தாண்டுகள் சேவை செய்தது.

இவ்வண்டிக்கு ஓய்வளித்தது தவறென்று நான் சொல்லமாட்டேன், அது நியாயமே. வாசலில் ஏறவேண்டிய செங்குத்தான படிகள், சக்கர நாற்காலியில் வாழ்பவரை நாற்பது ஆண்டுகள் தெருவிலேயே நிறுத்திவைத்தன; முதியோரும் கைக்குழந்தையோடு வரும் தாய்மாரும் பட்ட சிரமம் சொல்லுந்தரமன்று. ஒரு நகரத்தின் பொது வாகனம் அந்நகரத்தார் அனைவருக்கும் உரியதாக இருக்கவேண்டுமென்ற தர்மத்தின் முன்னே, பழமையின்பால் நமக்குள்ள பிரியம் ஒதுங்கி நிற்கத்தான் வேண்டும். 2018-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அடித்த கடுங்குளிரில், கதவுகளையும் பிரேக்குகளையும் இயக்கும் அழுத்தக் காற்றுக் குழாய்களில் ஈரம் உறைந்து வண்டிகள் வழியிலேயே நின்றபோது, முதுமையும் தன் சாட்சியத்தைச் சொல்லிவிட்டது. இவற்றுக்கு மாற்றாக வந்த, தாழ்தளம் கொண்ட 204 புதிய வண்டிகளுள் முதலாவன 2014 ஆகஸ்ட் 31-ஆம் தேதி ஸ்படைனா வீதியில் ஓடத் தொடங்கின. அவற்றில் பெரும்பாலானவை, பழைய வண்டிகள் பிறந்த அதே தண்டர் பே தொழிற்சாலையில் உருப்பெற்றவை. அவை வந்து சேர்வதில் நேர்ந்த நீண்ட தாமதமே பழைய வண்டிகளின் ஆயுளையும் நீட்டியது.

2019 டிசம்பர் 29-ஆம் தேதி, குவீன் வீதியில் கட்டணமின்றி ஜனங்களை ஏற்றிச் சென்றதோடு பழைய வண்டிகளின் சேவை முற்றுப்பெற்றது. பெரும்பாலானவை பழைய இரும்பாக உடைக்கப்பட்டன. சில ஏலத்தில் தனியாரிடம் போயின. சிலவற்றைக் கமிஷன் தன் வசமே வைத்துக்கொண்டது. சில பொருட்காட்சிசாலைகளை அடைந்தன.

பொருட்காட்சிசாலை என்றதும், கயிறு கட்டித் தொடாதே என்று பலகை தொங்கவிட்ட கூடத்தை நினைக்கவேண்டாம்; வண்டிகள் ஓடும் சாலையும் உண்டு. ஆனால் அப்படி ஓட்டுவதற்குத் தண்டவாளமே முதல் தடை. டொராண்டோவின் தண்டவாள அகலம் 1,495 மில்லிமீட்டர். உலகெங்கும் வழங்கும் 1,435 மில்லிமீட்டரை விட அது சிறிது அதிகம். 1861-இல் குதிரை டிராம் தொடங்கியபோது, அக்காலத்துச் சாதாரண வண்டிகளும் தண்டவாளத்தின்மேல் செல்ல ஏதுவாக இருக்கவேண்டுமென்ற ஒப்பந்தத்தால் ஏற்பட்ட விசித்திர அளவு அது. ஆகையால் டொராண்டோ வண்டியை வேறெங்கே கொண்டுபோனாலும் அதன் சக்கரத் தொகுதியை மாற்றியாக வேண்டும். இல்லையேல் அது அசையாப் பொருளாகிவிடும். இந்த உண்மையை உணர்ந்த அன்பர் சிலர், 1953-இல், 1326 என்ற எண்ணுள்ள ஒரு பழைய வண்டி உடைபடுவதைத் தடுக்க ஒன்றுகூடி, பிறகு மில்டன் நகருக்கு அண்மையில், கைவிடப்பட்ட ஒரு பழைய மின்ரயில் பாதையின் நிலத்தை வாங்கி, டொராண்டோ அகலத்திலேயே தண்டவாளம் பதித்து, மேல்கம்பியும் கட்டினார்கள். அந்த ஹால்டன் கவுண்டி ரேடியல் ரயில்வே 1972-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. டொராண்டோ தன் டிராம்களைக் காப்பாற்றிக்கொண்ட அதே ஆண்டு அது. இன்று இலகு ரயில் வண்டிகளும் அங்கே அடைக்கலம் பெற்றிருக்கின்றன.

ஆயினும் அடைக்கலம் வேறு, ஜீவன் வேறு. கமிஷன் இன்றும் விசேஷ நாட்களில் ஓட்டுவதற்கென்று வைத்திருக்கும் 1923-ஆம் ஆண்டு பீட்டர் விட் வகை வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இயக்கமெல்லாம் இரும்பும் செம்பும் கம்பிச் சுருளுமே. கெட்டுப்போன பாகத்தை அளவெடுத்து, உருக்கி வார்த்து, கடைந்து, மீண்டும் செய்துவிடக் கைத்திறமுள்ள தொழிலாளி ஒருவன் போதும். 1979-ஆம் ஆண்டு வண்டியோ, மின்சாரத்தை நொடிக்குப் பலமுறை துண்டித்துத் துண்டித்து மோட்டாருக்கு அளிக்கும் தைரிஸ்டர் என்னும் மின்னணுச் சாதனத்தாலும், அதை ஆளும் சுற்றுப் பலகைகளாலும் இயங்குவது. அப்பலகைகளைச் செய்தவர்கள் அவற்றைச் செய்வதை நிறுத்திப் பல காலமாயிற்று. எனவே ஒரு நூற்றாண்டு கண்ட வண்டியை ஓட்டுவது எளிதாகவும், அதன் பேரன் வயதுள்ள வண்டியை ஓட்டுவது அரிதாகவும் ஆகிவிடும் விபரீதம் நேர்கிறது. அண்மைக் காலத்துப் பொருள்களே விரைவில் அழியக்கூடியவை என்பதை, பழமை என்றாலே நூறாண்டு கழியவேண்டுமென்று எண்ணும் நாம் இன்னும் உணர்ந்தோமில்லை.

இதற்குப் பரிகாரம் உண்டு. வண்டி ஓய்வு பெறுவதற்கு முன்பே, உடைக்கப்படும் வண்டிகளிலிருந்து சுற்றுப் பலகைகளையும் மோட்டார்களையும் கழற்றிச் சேமிக்கவேண்டும். வரைபடங்களையும் பராமரிப்புக் குறிப்புகளையும் வண்டியோடு சேர்த்தே ஒப்படைக்கவேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, எந்தச் சத்தம் எந்தக் கோளாற்றின் அறிகுறி என்று செவியாலேயே அறிந்த பணிமனைத் தொழிலாளரை, அவர்கள் இருக்கும்போதே இளைஞருக்குக் கற்பிக்கச் செய்யவேண்டும். இவற்றை விடுத்து, உடலுக்கு மட்டும் வர்ணம் பூசி நிறுத்துவது சம்ரட்சணம் ஆகாது.

கலை அழகுக்காகவோ வேகத்துக்காகவோ பெயர் பெறாத இந்த வண்டிக்கு இத்தனை சிரமம் எதற்கென்று கேட்பார் இருக்கலாம். மன்னர் மாளிகைகளைக் காக்கிறோம். தளபதிகளின் வாள்களைக் காக்கிறோம். தங்கள் நகரம் எப்படி இருக்கவேண்டுமென்று சாமானியர்கள் கூடி ஆலோசித்து, அதிகாரிகளின் முடிவையே மாற்றியதற்குக் கண்கண்ட சாட்சி இவ்வண்டியைத் தவிர வேறில்லை. ஒரு பிரஜை தன் குரலுக்குப் பயனில்லை என்று சோர்ந்துபோகும் காலத்தில், அந்தக் குரல் ஒருகாலத்தில் இரும்பாகவும் சக்கரமாகவும் உருவெடுத்து நாற்பது ஆண்டுகள் ஊரைச் சுமந்ததென்பதை, அதில் ஏறி அமர்ந்தே அவன் தெரிந்துகொள்ளவேண்டும். ஆதலின் அது ஓடவேண்டும்.

(அடுத்த இதழில்: டொராண்டோவின் பழைய பி.சி.சி. வண்டிகளை வாங்கித் தன் வீதிகளில் ஓட்டும் அமெரிக்க நகரம் கினோஷா)