இழுத்தால் பருக்கும் கயிறு

பெசன்ட் நகர் கடற்கரையிலிருந்து அடையாறு முகத்துவாரம் பக்கமாக நடந்தால் ஊரூர் ஒல்காட் குப்பம் வரும். மணலில் வலை பழுதுபார்ப்பவர்கள் இருந்தால், கேட்டுக்கொண்டு ஒரு ஓரத்தை நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள். சாய்சதுரமாக இருந்த வலைக்கண் ஒடுங்கிவிடும். நைலான் இழை கொஞ்சம்கூட நீளவில்லை. கண்ணின் வடிவம்தான் மாறியது.

எவ்வளவு ஒடுங்கும்? காகிதத்திலேயே கண்டுபிடிக்கலாம். ஒரு முடிச்சிலிருந்து அடுத்த முடிச்சுக்கு 5 செ.மீ., கண்ணின் நீளம் 8, அகலம் 6 என்று வையுங்கள். நீளத்தை 9.6 ஆக்குவோம். அதில் பாதி 4.8. பிதாகரஸ் சொன்னபடி 25-இலிருந்து 23.04-ஐக் கழித்தால் 1.96. அதன் வர்க்கமூலம் 1.4. ஆக, புது அகலம் 2.8! நீளம் கூடியது ஐந்தில் ஒரு பங்குதான். அகலமோ பாதிக்கு மேல் போய்விட்டது. நீளம் 10 ஆனால் கண்ணே மூடிவிடும்.

மீனவர்கள் இதைக் கைப்பழக்கத்திலேயே அறிவார்கள். அதனால்தான் மிதவைக் கயிற்றில் வலையை விறைப்பாகக் கட்டாமல் தொய்வாக ஏற்றுகிறார்கள். விசைப்படகின் இழுவலைப் பையில் இந்தத் தந்திரம் பலிக்காது. கண்கள் மூடி, குஞ்சு மீன்களும் மாட்டிக்கொள்ளும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் அந்தப் பைக்குச் சதுரக்கண் வலையைப் பரிந்துரைப்பது இதற்காகத்தான்.

சரி, இழுத்தால் அகலமாகும் வலை உண்டா? உண்டு! கண்ணைச் சாய்சதுரமாக வரையாமல், இடை ஒடுங்கிய உடுக்கைபோல வரையுங்கள். மேலும் கீழும் இழுத்தால் உள்ளே மடங்கிய பக்கங்கள் நிமிரும். இடை வெளியே தள்ளும். ஒட்டியிருக்கும் பக்கத்துக் கண்களும் விலகும். இப்படிப்பட்டவற்றை 'ஆக்ஸெடிக்' என்பார்கள். 1987-இல் ராடெரிக் லேக்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி, இழுத்தால் பருக்கும் நுரைப்பஞ்சையே செய்து காட்டினார்.

கயிற்றிலும் இது நடக்கும். ரங்கநாதன் தெருவில் தடித்த, உருண்டையான எலாஸ்டிக் ஒரு முழம் வாங்குங்கள். அதன்மேல் மெல்லிய தூண்டில் நரம்பைச் சாய்வாக, இடைவெளி விட்டுச் சுற்றி, இரு முனைகளையும் சேர்த்துக் கட்டுங்கள். இப்போது இழுங்கள். நீள மறுக்கும் நரம்பு நேராகிவிடும். இளகிய எலாஸ்டிக் வேறு வழியில்லாமல் நரம்பைச் சுற்றி வளையும். மொத்தக் கயிறும் முன்பைவிட அதிக இடத்தை அடைக்கும்.

இத்தகைய இழைகளால் நெய்த துணியை இழுத்தால் நடுவே துளைகள் திறக்கும். குண்டுவெடிப்பில் சிதறும் கண்ணாடியைப் பிடித்து, காற்றழுத்தத்தை மட்டும் வெளியே விடும் திரைச்சீலையை இங்கிலாந்தில் இப்படி உருவாக்கினார்கள். பின்னல் கயிறுகளிலும் இதே வித்தையைச் செய்ய முடியும். அதற்கு முன் இழைகளின் தடிமன், சுற்றும் கோணம், எது விறைப்பு, எது இளக்கம் என்று கணினியில் மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். நாம் வலைக்கண்ணுக்குப் போட்ட கணக்கின் பெரிய அண்ணன் அது.

ஒரு எச்சரிக்கை: நரம்பு முழுக்க நேரான பிறகும் இழுத்துக்கொண்டே போனால் பருத்தது மறுபடி மெலியத் தொடங்கும். அதற்கும் மேலே இழுத்தால், நரம்பு அறுந்துவிடும்!