கட்டாயத் தொண்டும் மனமுவந்த தொண்டும்

இளைஞர் ஒவ்வொருவரும் தம் வாழ்நாளில் ஓராண்டையோ ஈராண்டையோ நாட்டுத் தொண்டுக்கென அளித்தல் வேண்டும் என்னும் கருத்து மேலைநாடுகளில் அவ்வப்போது எழுவதும் அடங்குவதுமாக இருந்து வருகிறது. நல்லெண்ணம் கொண்டோர் பலர் இதனை வரவேற்கின்றனர். திருச்சபையினரும் பெரும்பாலும் அவ்வாறே. தன்னலம் மிகுந்த காலத்தில் தொண்டுள்ளத்தை வளர்க்கும் எதனையும் மறுப்பானேன் என்பது அவர்தம் எண்ணம். ஆயினும் அமெரிக்காவில் லிபர்ட்டேரியன் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் தனிமனிதச் சுதந்திரவாதிகள் இதனை வன்மையாக எதிர்த்து வந்துள்ளனர். இவர்களைத் தொண்டின் பகைவர் எனக் கொள்ளலாகாது. ஓர் இளைஞனின் காலத்தின்மீது அரசுக்கு உரிமை உண்டா என்பதே இவர்கள் எழுப்பும் வினா. திருச்சபையே அரசின் கட்டாயத் தொண்டுக்கு மேற்பார்வையாளராய் நின்ற வரலாறு ஒன்று உண்டாதலால், அவ்வினாவை நாம் ஆராய்தல் தகும்.

இக்கருத்துக்குக் கவர்ச்சியான வடிவம் தந்தவர் மெய்யியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ். போரை வெறுத்தவர் அவர். எனினும் போர் வளர்க்கும் துணிவையும் கட்டுப்பாட்டையும் போரின்றியே வளர்க்க வழி தேடினார். படைக்கு ஆள் திரட்டுவது போலவே இளைஞரைத் திரட்டிச் சுரங்கங்களுக்கும் மீன்பிடிக் கப்பல்களுக்கும் சாலைப் பணிக்கும் அனுப்பலாம் என்று 1910இல் வெளியான கட்டுரையில் அவர் எழுதினார். துப்பாக்கியை அகற்றிய ஜேம்ஸ், கட்டளையை அகற்றவில்லை என்பது சுதந்திரவாதிகளின் மறுப்பு.

அவர்கள் முதலில் சுட்டுவது 1865ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசமைப்புத் திருத்தத்தை. குற்றத்திற்குரிய தண்டனையாக அன்றி எவரையும் விருப்பமின்றி ஊழியம் செய்ய வைத்தலாகாது என்கிறது அது. கட்டாயப் படைச்சேர்க்கையும் இத்தகைய ஊழியமே என்னும் வாதத்தை உச்சநீதிமன்றம் 1918இல் தள்ளிவிட்டது. அடுத்தது பொருளியல் வாதம். பொருளியல் அறிஞர் மில்ட்டன் ஃபிரீட்மன் உறுப்பினராக இருந்த கேட்ஸ் குழு, கட்டாயப் படைச்சேர்க்கையைக் கைவிடுமாறு 1970இல் பரிந்துரைத்தது. ஒருவனைக் கட்டாயப்படுத்திக் குறைந்த கூலிக்கு வேலை வாங்கினால், அவன் வேறிடத்தில் ஈட்டியிருக்கக்கூடிய தொகைக்கும் அக்கூலிக்கும் உள்ள வேறுபாடு அவன்மீது விதித்த வரியே என்பது இக்குழுவின் வாதம். வரவு செலவுத் திட்டத்தில் தென்படாத வரி இது. இளைஞர் மட்டுமே செலுத்தும் வரியும்கூட. 1973இல் அமெரிக்காவில் கட்டாயச் சேர்க்கை முடிவுற்றது.

இந்தச் சிந்தனை நம் கவனத்திற்கு உரியதாவது 1940ஆம் ஆண்டின் படைச்சேர்க்கைச் சட்டத்தினால்தான். சமய நம்பிக்கையினால் எந்தப் போரிலும் பங்கேற்க மனச்சாட்சி இடந்தராதோருக்குப் பொதுமக்கள் மேற்பார்வையில் நாட்டுக்கு இன்றியமையாத பணி தரலாம் என்று அச்சட்டம் கூறியது. மெனோனைட், சகோதரர், குவேக்கர் ஆகிய மூன்று சமாதானச் சபைகளும் அப்பணிக்குரிய முகாம்களை நடத்த முன்வந்தன. 1941 முதல் 1947 வரை ஏறக்குறைய 12,000 பேர் இவ்வாறு பணியாற்றினர். மண்ணரிப்பைத் தடுத்தனர், காட்டுத்தீயை அணைத்தனர், மருத்துவ ஆய்வுகளுக்குத் தம் உடலையே ஒப்புக்கொடுத்தனர். அரசு அவர்களுக்கு ஊதியம் தரவில்லை. முகாம்களில் அவர்தம் பராமரிப்புச் செலவையும் பெரும்பாலும் சபைகளும் குடும்பங்களுமே ஏற்றன. போர்வீரனுக்குச் சம்பளம் உண்டு. போரை மறுத்தவனுக்கு இல்லை.

சபைத் தலைவர்கள் நல்ல நோக்கத்துடனேயே இதனை ஏற்றனர். முதல் உலகப்போரில் மறுப்பாளர்கள் படைமுகாம்களிலும் சிறைகளிலும் பட்ட கொடுமைகளை அவர்கள் மறந்திருக்கவில்லை. ஆயினும் அரசு தடுத்துவைத்த மனிதரைச் சபைகள் கண்காணிக்க வேண்டியதாயிற்று. முகாமை விட்டு நீங்கினவனைப் பற்றி அரசுக்கு அறிவிப்பதும் அவற்றின் பொறுப்பாயிற்று. ஊதியமற்ற கட்டாய ஊழியத்திற்குச் சபையே காவலாக நிற்பதா என்று முகாமில் இருந்தோரே கேட்டனர். குவேக்கர்களின் தொண்டுக்குழு 1946இல் இந்நிர்வாகத்திலிருந்து விலகியது.

இவ்வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. சுமார் 3,000 பேர் மனநோய் மருத்துவமனைகளில் உதவியாளராகப் பணியாற்றினர். அங்கே நோயாளிகள் அடிபட்டும் ஆடையின்றியும் கிடந்த அவலத்தை அவர்கள் எழுத்தில் பதிவு செய்தனர். அப்பதிவுகள் 1946இல் லைஃப் இதழின் வாயிலாக நாட்டின் மனச்சாட்சியை உலுக்கின. கட்டாயத் தொண்டும் நற்கனி தருமன்றோ என இதைக் காட்டி வாதிடுவோர் உளர். ஆனால் அரசு இட்ட கட்டளை தரையைக் கழுவி நோயாளிகளைக் கவனிக்கும்படியே இருந்தது. உண்மையை எழுதும்படி எவரும் கட்டளையிடவில்லை.

கட்டாயமின்றி அரசே பணம் தந்து நடத்தும் தொண்டையும் சுதந்திரவாதிகள் ஐயுறுகின்றனர். 1993இல் தொடங்கிய அமெரிக்கார்ப்ஸ் திட்டம் பணியாளருக்குச் சிறு உதவித்தொகையும் கல்விப் படியும் அளிக்கிறது. சமய நிறுவனங்களும் இதில் சேரலாம். ஆனால் திட்டத்தின் பணிநேரத்தில் வழிபாடோ சமயப் போதனையோ நடத்தலாகாது. பொதுப்பணம் ஆதலால் இவ்விதி நியாயமானதே. எனினும் அப்பணத்திற்குப் பழகிய சபை, தன் தொண்டைத் தானே வகுக்கும் உரிமையில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கிறது. 2025 ஏப்ரலில் ஏறக்குறைய 40 கோடி டாலர் மானியத்தை அரசு திடீரென நிறுத்தியபோது, பல உள்ளூர் அமைப்புகளின் பணி நின்றது. அவற்றுள் ஒரு பகுதி நீதிமன்ற ஆணையினால் பின்னர் மீண்டது.

இவர்தம் வாதத்தில் நாம் ஏற்க இயலாத ஒன்றும் உண்டு. மனிதன் தனக்குத்தானே உடைமை என்பது அவர்களுள் பலருடைய அடிப்படைக் கொள்கை; வாழ்வைக் கொடையாகக் காணும் இறையியல் அவ்வாறு கூறாது. ஆனால், “உன் வாழ்வு உன்னுடையதன்று” எனப் பிரசங்கிக்கும் நாம், “ஆகவே அது அரசினுடையது” என்னும் முடிவுக்கு அறியாமலே துணைபோகிறோம். முன்னதிலிருந்து பின்னது பெறப்படாது. கட்டளையிட உரிமை இருந்தும் பிலேமோனின் சம்மதத்தை நாடிய பவுலை இங்கு நினைக்கலாம். ஒரு மைல் தூரம் கட்டாயப்படுத்தப்படுவதைக் குறிக்க மத்தேயு 5:41இல் வரும் கிரேக்கச் சொல், பாரசீக அரச தூதர்கள் ஆளையும் விலங்கையும் பிடித்துக்கொள்ளும் வழக்கத்திலிருந்து வந்ததாகும். சிரேனே ஊரானாகிய சீமோனைச் சிலுவை சுமக்கச் செய்ததற்கும் அதே சொல்தான். அச்சொல் முதல் மைலுக்கே உரியது.

1952இல் அமெரிக்க அரசு மாற்றுப்பணியைத் திருத்தியமைத்தது. மறுப்பாளர்கள் மருத்துவமனைகளில் ஊதியம் பெற்றே பணியாற்றலாயினர். சபைகள் முகாம் நடத்தும் நிலை ஒழிந்தது. ஆயினும் அக்காலத்திலேயே, மெனோனைட் இளைஞருள் சிலர் அந்த ஊதியத்தை நாடாமல், சபையின் பாக்ஸ் திட்டத்தின்கீழ் கைச்செலவுப் பணம் மட்டும் பெற்று ஜெர்மனிக்குச் சென்றனர். அங்கே, போரில் வீடிழந்து வந்த அகதிகளுக்கு வீடு கட்டினர்.