எட்டாவது வாரத்து விருந்தாளி

முதல் ராத்திரி யாரும் தூங்குவதில்லை. அட்டைப்பெட்டியில் பழைய துண்டை விரித்து, கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, விளக்கை அணைத்து வீட்டார் படுத்த சற்று நேரத்திலேயே முனகல் தொடங்கும். முனகல் கீச்சலாகும், கீச்சல் ஊளையாகும். அடுத்த வீட்டுக்காரர் விடிந்ததும் என்ன கேட்பாரோ என்ற கவலையில் யாராவது எழுந்து போய்ப் பெட்டிக்குள் கையை விடுவார்கள். சத்தம் சட்டென்று நிற்கும். கையை எடுத்தால் மறுபடி ஆரம்பம்.

பசி என்பார் பாட்டி. குளிர் என்பாள் பேத்தி. பெரும்பாலும் இரண்டும் காரணமாக இருக்காது.

வீட்டுக்குப் புதிதாக வந்த நாய்க்குட்டியின் இந்த அழுகையை ஆராய்ச்சியாளர்கள் உட்கார்ந்து எண்ணியே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற கடலோர ஊரில் இருக்கிறது ஜாக்சன் ஆய்வகம். அங்கே ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் ஐந்து வகை நாய்களை வளர்த்து, குட்டிகள் பிறந்த நாள் தொட்டு என்னென்ன செய்கின்றன என்று ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்தார்கள். 1965-இல் அது புத்தகமாக வந்தது. பழகாத இடத்தில் தனியே விடப்பட்ட குட்டியின் கதறல் ஆறு, ஏழு வார வயதில்தான் உச்சம் தொடுகிறது என்பது ஸ்காட் குழுவின் கணக்கு. பின்னர் 1978-இல் ஜாக் பாங்க்செப் என்ற நரம்பியல் அறிஞர், ஸ்காட்டும் இடம்பெற்ற ஒரு குழுவோடு, அப்படித் தனியே விடப்பட்ட குட்டிகளுக்கு மிகக் குறைந்த அளவில் மார்ஃபின் கொடுத்துப் பார்த்தார். கதறல் அடங்கியது. உடல் வலியைத் தணிக்கும் மூளை வேதியியலே பிரிவின் துயரத்தையும் தணிக்கிறது என்ற கருத்து அங்கிருந்துதான் வலுப்பெற்றது. குட்டிக்கு வலிக்கிறது, அவ்வளவுதான். முதல் சில இரவுகள் பெட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வதால் அது கெட்டுப்போய்விடாது.

இன்னொரு கேள்வி உண்டு. அந்தக் குட்டிக்கு வயது என்ன?

விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க விதிகள், எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. நடைமுறை வேறு. முப்பது, முப்பத்தைந்து நாள் குட்டி சர்வ சாதாரணமாகக் கைமாறுகிறது. சின்னதாக இருக்கும்போதே எடுத்தால்தான் ஆளோடு ஒட்டும் என்று வாங்குபவரும் நம்புகிறார். விற்பவருக்கோ, தாய்ப்பால் வற்றத் தொடங்கும் நேரத்தில் குட்டியைத் தள்ளிவிட்டால் தீவனச் செலவும் ஊசிச் செலவும் மிச்சம். இத்தாலியில் 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, 30 முதல் 40 நாளில் பிரிக்கப்பட்ட நாய்களையும் இரண்டு மாதம் தாயோடும் உடன்பிறப்புகளோடும் இருந்த நாய்களையும் ஒப்பிட்டது. சீக்கிரம் பிரிந்தவை வளர்ந்த பிறகு அதிகம் குரைத்தன. வெளியே போனால் மிரண்டன, பொருள்களைக் கடித்துக் குதறின, சோற்றுக் கிண்ணத்தருகே யாரையும் விடாமல் உறுமின. ஒட்டும் என்று நம்பி அவசரப்பட்டதற்கு இதுதான் கைமேல் பலன்.

தாயைப் பிரியும் வயதுக் குட்டியைப் பார்த்தால் மனம் இளகுவது தற்செயல் இல்லையோ என்ற சந்தேகம் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கிளைவ் வின்னுக்கு வந்தது. பஹாமாஸ் தீவுகளின் தெருநாய்களைக் கவனித்தபோது எழுந்த சந்தேகம் அது. மூன்று இன நாய்க்குட்டிகளைப் பல வயதுகளில் படமெடுத்து, எது அதிகம் கவர்கிறது என்று மாணவர்களிடம் கேட்டார். 2018-இல் வந்த முடிவு: குட்டியின் வசீகரம் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் உச்சத்தை எட்டுகிறது. தாய் பாலை நிறுத்திக் குட்டிகளை விரட்டத் தொடங்குவதும் அப்போதுதான். தாய் கைவிடும் நேரத்தில் மனிதன் கை நீட்ட வேண்டும், அதற்குத்தான் அந்த முகம் என்பது வின்னின் ஊகம்.

கை நீளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கொல்கத்தாவில் கணக்கு இருக்கிறது. அங்குள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சிக் கழகத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களை மட்டுமே ஆராய்கிறது. 95 ஈற்றுகளில் பிறந்த 364 குட்டிகளை அவர்கள் தெருவிலேயே தொடர்ந்து கவனித்தார்கள். இனப்பெருக்க வயதை எட்டியவை 19 சதவீதம். இறப்புகளில் 63 சதவீதத்துக்கு ஏதோ ஒரு வகையில் மனிதர்களே காரணம். சென்னை வெயிலில் ஏசி போட்டு சைபீரியன் ஹஸ்கி வளர்ப்பதைவிட, வாசலில் ஈன்ற நாட்டு நாயின் குட்டி ஒன்றை எட்டு வாரம் கழித்து உள்ளே அழைத்துக்கொள்வது எல்லா வகையிலும் லாபம். நம் ஊர்ச் சூட்டுக்குப் பழகிய உடம்பு அது.

எட்டு வாரம் என்று அடித்துச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. ஜாக்சன் ஆய்வகத்தில் டேனியல் ஃப்ரீட்மன் குழு நடத்தி 1961-இல் வெளியிட்ட சோதனையை இன்று படித்தாலும் மனசு என்னவோ செய்கிறது. உயரமான வேலி போட்ட வெட்டவெளியில், மனித முகமே தெரியாமல், தாயோடு குட்டிகள் வளர்ந்தன. சிலவற்றை இரண்டாம் வாரத்தில், சிலவற்றை மூன்றாம், ஐந்தாம், ஏழாம், ஒன்பதாம் வாரங்களில் எடுத்துவந்து ஒரே ஒரு வாரம் மட்டும் ஆட்களோடு பழகவிட்டு, திரும்ப வேலிக்குள் விட்டார்கள். மூன்று வாரக் குட்டி ஆளைப் பார்த்ததும் ஓடிவந்து ஒட்டிக்கொண்டது. ஏழு வாரக் குட்டிக்குத் தயக்கம் போக இரண்டு நாள் ஆனது. பதினாலு வாரம் வரை மனித வாடையே படாதவை காட்டு விலங்குகள்போல ஓடி ஒளிந்தன. அவற்றை வழிக்குக் கொண்டுவர ஆராய்ச்சியாளர்கள் படாத பாடு பட்டார்கள்.

ஆக, ஏறக்குறைய மூன்றாம் வாரத்தில் திறக்கும் கதவு பன்னிரண்டு, பதினாலாம் வாரத்தில் பாதிக்கு மேல் சாத்திக்கொள்கிறது. அதற்குள் பார்த்தது, கேட்டது, முகர்ந்தது எல்லாம் உலகத்தின் இயல்பு. அதற்குப் பிறகு புதிதாக வருவதெல்லாம் சந்தேகத்துக்குரியது. ஹெல்மெட் போட்ட ஆள், தடி ஊன்றிய தாத்தா, குக்கர் விசில், மிக்சி, காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி, தீபாவளி வெடி, மழைக்கோட்டு, தவழும் குழந்தை என்று பட்டியல் நீளம். நாள்களோ குறைவு.

இங்கேதான் சிக்கல். உலகத்தைக் காட்டியாக வேண்டிய அதே வாரங்களில்தான் உலகத்திடமிருந்து குட்டியைக் காப்பாற்றியும் ஆக வேண்டும்.

பார்வோ வைரஸ் நாய்களைத் தாக்குவது முதன்முதலாகத் தெரியவந்தது 1978-இல். பூனைகளிடம் இருந்த ஒரு வைரஸின் உறவுக்காரன் அது. இரண்டே ஆண்டுகளில் உலகெங்கும் பரவிவிட்டது. வேகமாகப் பிரியும் செல்களைத் தேடிப்போவது அதன் குணம். குட்டியின் உடம்பில் அப்படிப்பட்ட செல்கள் குடலின் உட்சுவரிலும் எலும்பு மஜ்ஜையிலும் நிறைந்திருக்கின்றன. காலையில் சோறு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பும். மதியம் வாந்தி. அடுத்த நாள் ரத்தம் கலந்த பேதி, அதற்கே உரிய ஒரு நாற்றம். கால்நடை மருத்துவர்கள் அறைக்குள் நுழையும்போதே முகர்ந்து சந்தேகப்படும் நாற்றம் அது. சிகிச்சை என்றால் பெரும்பாலும் குளுக்கோஸ், சலைன் ஏற்றி உடம்பைத் தாங்கிப்பிடிப்பதுதான். உடனே கொண்டுபோனால் பிழைப்பவை பல. விட்டுவிட்டால் பெரும்பாலும் முடிந்தது. போன குட்டி இருந்த இடத்தில் வைரஸ் மாதக்கணக்கில் தங்கும். பினாயில் ஊற்றிக் கழுவினால் போதும் என்று நினைப்பவர்கள் அதே வீட்டுக்கு அடுத்த குட்டியையும் கொண்டுவந்து பறிகொடுக்கிறார்கள். அந்த வைரஸைக் கொல்வது பிளீச்சிங் பவுடர் கரைசல்தான்.

ஒரே ஊசியில் இதைத் தடுத்துவிட முடியாததற்கும் காரணம் தாய்தான். பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலோடு தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்கள் குட்டிக்குள் போகின்றன. வாரங்கள் போகப் போக அவை கரைகின்றன. இடையில் ஒரு கட்டம் வரும். மிச்சமிருக்கும் புரதங்கள் தடுப்பூசியை முறியடிக்கப் போதும், நிஜ வைரஸைத் தடுக்கப் போதாது. அந்தக் கட்டம் எந்தக் குட்டிக்கு எந்த வாரத்தில் வரும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் வரையாவது ஊசியைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். ஒரு ஊசி போட்டாயிற்றே என்று பூங்காவில் இறக்கிவிடுவது சூதாட்டம்.

சரி, பதினாறு வாரமும் கதவைப் பூட்டி வைத்தால்? வைரஸ் வராது. அதற்குப் பதில், அழைப்பு மணி அடித்தாலே நடுங்கிக் குரைக்கும் ஒரு நாய் உருவாகும். அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் சங்கம் 2008-இல் வெளியிட்ட நிலைப்பாட்டில் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது. மூன்று வயதுக்குட்பட்ட நாய்களின் உயிரைப் பறிப்பதில் தொற்றுநோய்களை முந்துவது நடத்தைக் கோளாறுகள். அப்படிப்பட்ட நாய்களை யாரும் வைத்துக்கொள்ள விரும்பாமல் கைவிடுவதால்தான் அது. முதல் ஊசி, குடற்புழு மருந்து முடிந்து ஒரு வாரமானதும் எச்சரிக்கையோடு வெளியுலகைக் காட்டத் தொடங்கலாம் என்பது அவர்கள் பரிந்துரை. நம் ஊரில் இதற்கு எளிய வழி இடுப்பு. குட்டியின் கால் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு தெருமுனை டீக்கடை வரை போய் வந்தால், பஸ் ஹாரன் முதல் பறைச் சத்தம் வரை பாதிப் பாடம் முடிந்துவிடும்.

குடற்புழு மருந்தைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. உருண்டைப் புழுக்கள் தாயின் வயிற்றில் இருக்கும்போதே குட்டிக்குள் புகுந்துவிடுகின்றன, பிறகு பால் வழியாகவும். இரண்டாம் வாரத்திலேயே மருந்து தொடங்கச் சொல்வது அதனால்தான். மலத்தோடு வெளியேறும் முட்டைகள் குழந்தைகளின் கைவழியே வாய்க்குப் போனால் புழுக்குஞ்சுகள் கண்வரைகூடப் பயணப்படும். நல்லவேளையாக, அந்த முட்டைகள் தொற்றும் பக்குவத்தை அடைய இரண்டு வாரமாவது ஆகும். கழிவை அன்றன்றே அள்ளிவிட்டால் ஆபத்து கணிசமாகக் குறையும்.

கடி பற்றிச் சொல்லாமல் முடியாது. வேட்டி நுனி, பாவாடை விளிம்பு, செருப்பு வார், ரிமோட், கட்டைவிரல் எதுவும் தப்பாது. ஊசிபோன்ற 28 பால் பற்கள். நாலாம் மாதம் முதல் விழுந்து, ஏழாம் மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள். ஈறு ஊறும் காலத்தில் கடிக்காதே என்றால் எப்படி? எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்ற அளவைக் குட்டிகள் உடன்பிறப்புகளிடம்தான் கற்கின்றன. அழுத்திக் கடித்தால் தம்பி கீச்சிடுவான், விளையாட்டு நின்றுபோகும். முப்பது நாளில் பிரிந்து வந்த குட்டிக்கு இந்தப் பள்ளிக்கூடமே கிடைப்பதில்லை. வீட்டாரும் அதே முறையைக் கையாளலாம்: கடித்ததும் கையை எடுத்து விளையாட்டை நிறுத்திவிடுவது. ஒரு எச்சரிக்கை. தெருவிலிருந்து வந்த, ஊசி போடாத குட்டியின் பல் பட்டு ரத்தம் கசிந்தால் பால் பல்தானே என்று விட்டுவிடக் கூடாது. குட்டிக்கும் வெறிநோய் வரும். சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே மருத்துவமனைதான்.

மூத்திர விவகாரத்தில் அறியாமைதான் பாதிச் சண்டைக்குக் காரணம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் குட்டி போகும். அந்த நேரங்களில் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவதைத் தவிர வேறு ரகசியம் இல்லை. மாலையில் வீடு திரும்புபவர் ஈரத் தரையைப் பார்த்துக் கத்துகிறார். குட்டி காதை மடக்கி, கண்ணை இறக்கி, சுவரோரம் ஒண்டுகிறது. செய்த தப்பு அதற்கே தெரிகிறது பார் என்பார் வீட்டுக்காரர். நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஹாரோவிட்ஸ் 2009-இல் இதைச் சோதித்தார். தின்பண்டத்தைத் திருடாத நாயையும், திருடிவிட்டது என்று உரிமையாளரை நம்பவைத்துத் திட்டச் சொன்னபோது அதே குற்றப் பார்வை வந்தது. தப்பு செய்ததா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் தொடர்பில்லை. திட்டு விழுந்ததற்குத்தான் தொடர்பு. மூக்கைத் தரையில் தேய்ப்பது போன்ற பாரம்பரியத் தண்டனைகளால் குட்டி கற்பது ஒன்றே ஒன்று: இந்த ஆள் வீட்டுக்கு வந்தால் பயப்பட வேண்டும்.

இத்தனையும் சேர்ந்து, குட்டி வந்த மூன்றாவது வாரத்தில் ஒருவர் குளியலறையில் உட்கார்ந்து அழுதால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஹெல்சிங்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் இந்த மனநிலையை அளக்க ஒரு கேள்வித்தாளையே உருவாக்கினார்கள். பதற்றம், எரிச்சல், களைப்பு ஆகிய மூன்றும் அதில் பிரிந்து தெரிந்தன. குட்டிக் காலத்தில் இப்படித் தவித்ததாகச் சொன்னவர்கள் ஏறக்குறையப் பாதிப்பேர். காலம் போகப் போக அந்தக் கசப்பு நினைவிலிருந்து மங்குவதும் தெரிந்தது. இரண்டாவது நாய் வாங்கும் துணிச்சல் பலருக்கு எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரிகிறது.

சந்தோஷக் கணக்கிலும் ஆய்வுகள் இருக்கின்றன. அமெரிக்காவில் உதவி நாய்களை வளர்க்கும் ஓர் அமைப்பின் 375 குட்டிகளை எட்டு வார வயதில் எமிலி பிரே சோதித்தார். இரண்டு கிண்ணங்களில் ஒன்றின் அடியில் தின்பண்டம். ஆள் விரல் நீட்டிக் காட்டுவார். அதுவரை பெரும்பாலும் உடன்பிறப்புகளோடு புரண்டுகொண்டிருந்த குட்டிகள், விரல் காட்டிய பக்கமே அதிகம் போயின. இந்தத் திறமையில் குட்டிக்குக் குட்டி காணும் வேறுபாட்டில் 40 சதவீதத்துக்கு மேல் மரபணுக்களால் வருவது என்று 2021-இல் எழுதினார்கள். மனிதக் கையைப் படிக்கும் ஆற்றலை யாரும் அதற்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகத்தில் 2015-இல் வந்த ஆய்வில், நாயும் உரிமையாளரும் ஒருவரையொருவர் அதிக நேரம் பார்த்துக்கொண்ட ஜோடிகளில் இருவர் உடலிலும் ஆக்சிடோசின் கூடியிருந்தது. தாய்க்கும் சேய்க்கும் இடையே சுரக்கும் அதே ஹார்மோன். கையில் வளர்த்த ஓநாய்களிடம் அது நடக்கவில்லை.

ஆறு மாதம் ஆயிற்று, உட்கார் என்றால் உட்காருகிறது, வீடு நனைவதில்லை என்று நிம்மதியாகும் வேளையில் இன்னொரு திருப்பம். நியூகாசில் பல்கலைக்கழகத்தின் லூசி ஆஷர் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், வழிகாட்டி நாய்களாக வளர்க்கப்பட்ட குட்டிகள் ஐந்தாம் மாதத்தில் வளர்ப்பவர் சொல்லைக் கேட்டன. எட்டாம் மாதத்தில், அதாவது பருவமடையும் நேரத்தில், உட்கார் என்று வளர்ப்பவர் சொன்னால் காதில் விழாததுபோல நின்றன. அறிமுகமில்லாத ஆள் சொன்னால் உட்கார்ந்தன! விடலைப் பிள்ளை வைத்திருக்கும் வீடுகளில் இதற்கு விளக்கம் தேவைப்படாது. நாய்களைக் காப்பகங்களில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவது இந்த வயதில்தான் அதிகம் என்பதையும் ஆஷர் குழு சுட்டிக்காட்டியது. பன்னிரண்டாம் மாதத்தில் வளர்ப்பவர்கள் நிரப்பிக் கொடுத்த கேள்வித்தாள்களில், நாய்கள் மறுபடியும் பேச்சைக் கேட்க ஆரம்பித்திருந்தன.