ஐந்தாம் மாத ஸ்கேனை வளைகாப்பு வரை தள்ளாதீர்கள்!

பொழுது விடியுமுன் மாரிகுப்பத்தில் பெங்களூர் ரயிலைப் பிடிப்பதும், இருட்டிய பிறகு வீடு திரும்புவதும் தங்கவயல்வாசிகளுக்குப் பழகிப்போன வாழ்க்கை. 2001 பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டதோடு, எல்லாவற்றுக்கும் கம்பெனி ஆஸ்பத்திரியை நம்பியிருந்த காலமும் போயிற்று. இன்று மனைவியை ஸ்கேனுக்கு அழைத்துப் போவதென்றால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். "வயிற்றில் குழந்தை நன்றாகத்தான் அசைகிறது, வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போனபின் பார்த்துக்கொள்ளலாம்" என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள்.

அதில்தான் ஆபத்து. சிசுவின் ஊனங்களைக் கண்டறியும் சோதனைகளுக்கு உரிய வாரங்கள் உண்டு. அவை போனால் திரும்ப வரா.

எந்த வாரத்தில் எந்தச் சோதனை?

கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து வாரங்களை எண்ண வேண்டும். 11 வாரம் முடிந்து 14 வாரம் முடிவதற்குள் 'என்.டி.' ஸ்கேன் எடுத்து, சிசுவின் பிடரித் தோலுக்கடியில் உள்ள நீரை அளக்கிறார்கள். அதோடு 'டபுள் மார்க்கர்' ரத்தப் பரிசோதனையும் செய்கிறார்கள். இரண்டையும் தாயின் வயதோடு சேர்த்து, 'டவுன் சிண்ட்ரோம்' போன்ற கோளாறுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடுகிறார்கள். 20 வயதுத் தாய்க்கு அந்த வாய்ப்பு ஏறக்குறைய 1,500-ல் ஒன்று. 35 வயதில் 350-ல் ஒன்று. 40 வயதில் 100-ல் ஒன்று.

அடுத்தது ஐந்தாம் மாதத்து 'அனாமலி' ஸ்கேன். 18 முதல் 20 வாரத்துக்குள் எடுப்பது நல்லது. மூளை, முதுகெலும்பு, இருதயம், சிறுநீரகம், கை, கால் எல்லாவற்றையும் உறுப்பு உறுப்பாகப் பார்ப்பது இதில்தான். ஆனாலும் எல்லாக் குறைகளும் ஸ்கேனில் தெரிந்துவிடும் என்று சொல்ல முடியாது.

சந்தேகம் வேறு, முடிவு வேறு

ரத்தப் பரிசோதனையில் 'ஹை ரிஸ்க்' என்று வந்தால் கலங்கி அழ வேண்டியதில்லை. அது சந்தேகம் மட்டுமே. அப்படிச் சொல்லப்படும் பெண்களில் பெரும்பாலோருக்கு ஆரோக்கியமான குழந்தையே பிறக்கிறது. உறுதி செய்ய, 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை ஊசியால் எடுத்துச் சோதிப்பார்கள். அதனால் கரு கலையும் அபாயம் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஊசிக்கு முன் டாக்டரிடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெளிந்துகொள்ளலாம்.

முன்கூட்டியே தெரிந்தால் என்ன லாபம்? இருதயக் கோளாறு என்றால், உடனே சிகிச்சை கிடைக்கும் பெரிய ஆஸ்பத்திரியிலேயே பிரசவத்தை வைத்துக்கொள்ளலாம். பிழைக்க வழியில்லாத கடும் ஊனம் என்றால், கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய அவகாசம் கிடைக்கும். 2021-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, 20 வாரம் வரை கருக்கலைப்புக்கு ஒரு டாக்டரின் கருத்துப் போதும். 24 வாரத்தைத் தாண்டினால், கடுமையான ஊனம் உள்ளதென்று மருத்துவக் குழு கூற வேண்டும். வளைகாப்பு நடக்கும் ஏழாம் மாதம் இந்தக் கெடுவையும் தாண்டியது என்பதை மறக்கலாகாது. வயது வந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதமே போதும். கணவரோ மாமியாரோ கையெழுத்திட வேண்டியதில்லை.

ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்காதீர்கள். அதைச் சொல்வது 1994-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

சொந்தத்தில் மணந்தவர்கள்

அக்காள் மகளையோ மாமன் மகளையோ மணப்பது நம்மவரிடையே வழக்கம். நெருங்கிய ரத்த உறவில் மணந்தவர்களின் குழந்தைகளுக்குப் பரம்பரைக் கோளாறு வரும் வாய்ப்பு சற்று அதிகம். ஆகவே முதல் தடவை செல்லும்போதே இதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். பயந்து நடுங்கவும் தேவையில்லை. இத்தகைய தம்பதிகளில் பெரும்பாலோருக்கு நல்ல குழந்தைகளே பிறக்கின்றன. கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமில மாத்திரை சாப்பிட்டால் முதுகெலும்பு ஊனத்தைப் பெருமளவு தடுக்கலாம்.

செலவுக்கு அஞ்சுவோருக்கு ஒரு வழி உண்டு. 2016 முதல் மாதந்தோறும் 9-ந் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில், நான்காம் மாதம் முதல் கர்ப்பிணிகளை டாக்டர்கள் இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். 'தாயி கார்டு' கையில் இருக்கட்டும். தமிழ்நாட்டுத் தாய்வீட்டுக்குப் போகும்போது ஸ்கேன் ரிப்போர்ட்டுகளையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.

ஒரு நாள் சம்பளத்தை அடுத்த மாதம் ஈட்டிக்கொள்ளலாம். தவறவிட்ட ஐந்தாம் மாதத்தை எங்கே போய்த் தேடுவது?